வீட்டை நிரப்புங்க, ஆனா ஒரே மாசத்துல நிரப்பாதீங்க

போன மாசம் ஒரு தம்பி என்கிட்ட கணக்குப் பார்க்க வந்தார். வயசு 26, சென்னையில் ஐடி வேலை, கைக்கு வரும் சம்பளம் 55,000. "அண்ணா, சம்பளம் எங்க போகுதுன்னே தெரியல"ன்னு ஆரம்பிச்சார். கார்டு ஸ்டேட்மென்ட்டைத் திறந்ததும் தெரிஞ்சு போச்சு. பணம் போனது அவரோட வாடகை வீட்டு ஹாலுக்கு. பூப்போட்ட வால்பேப்பர், பச்சை வெல்வெட் சோபா, ஒரு சுவர் முழுக்க ஃபிரேம், கலர் கலரா விளக்கு. மொத்தம் 1,44,000. எல்லாம் 12 மாச இஎம்ஐ.

இந்த ஸ்டைலுக்கு மாக்சிமலிசம்னு பேர். வெள்ளைச் சுவரு, ஒரு சோபா, ஒரு செடின்னு இருந்த மினிமலிசத்துக்கு நேர் எதிர். உங்க ரீல்ஸ்லயும் இது நிறைய வந்திருக்கும்.

இது ஏன் பிடிக்குதுன்னு எனக்குப் புரியுது. சொந்த வீடு இப்போதைக்கு எட்டாது. வாடகை ஃபிளாட் எல்லாம் ஒரே மாதிரி இருக்கு. 2020க்கு அப்புறம் பல பேருக்கு அதே ரூம்தான் ஆபீஸும். அங்கே "இது என் இடம்"னு காட்ட ஒரு கலர் வேணும்னு தோணுறது தப்பே இல்லை. அதனால "டெகோர் எல்லாம் வேஸ்ட்"னு நான் சொல்லப் போறதில்லை. நான் வளர்ந்ததே அப்படி ஒரு வீட்டில்தான்.

என் பாட்டி வீடு வேம்பாரில். தூத்துக்குடி மாவட்டத்தின் வட கோடியில் இருக்கும் கடற்கரை ஊர். அந்த முன்னறையில் காலி இடமே கிடையாது. திரு இருதய ஆண்டவர் படம், அதைச் சுத்தி சீரியல் பல்பு, கண்ணாடி ஷோகேஸ் நிறைய பொம்மை, சங்கு, மணப்பாட்டு ஓலைப்பெட்டி, கொழும்பிலிருந்து வந்த பீங்கான் கோப்பை, எல்லார் கல்யாண போட்டோவும் வரிசையா. சின்ன வயசில் நண்பர்களைக் கூட்டிட்டுப் போகக் கூச்சப்பட்டிருக்கேன். இன்னைக்கு அதே அறையை போட்டோ எடுத்துப் போட்டா லைக்ஸ் குவியும்.

ஆனா அந்த அறை நிரம்ப 40 வருஷம் ஆச்சு. கோப்பை வந்தது தாத்தா கொழும்பு போய் வந்தப்போ. ஷோகேஸ் வந்தது அத்தை கல்யாணத்துக்கு. எதுக்கும் கடன் கிடையாது. கடல் வருமானம் இந்த மாசம் மாதிரி அடுத்த மாசம் இருக்காதுன்னு பாட்டிக்குத் தெரியும். அந்தக் கரைக்குப் பேர் வாங்கித் தந்த முத்துக்குளிப்பே 1961க்கு அப்புறம் நடக்கலை. கையில் காசு இருந்தா ஒரு பொருள் வரும், இல்லைன்னா வராது.

தம்பி கணக்குக்கு வருவோம். 1,44,000க்கு ஆண்டு வட்டி 15 சதவீதம். மாச இஎம்ஐ சுமார் 13,000, அதாவது சம்பளத்தில் கிட்டத்தட்ட கால்வாசி. வருஷ வட்டி சுமார் 12,000. அந்த வட்டி மேல 18 சதவீதம் ஜிஎஸ்டி, இன்னொரு 2,150. "நோ காஸ்ட் இஎம்ஐ எடுத்தா வட்டி இல்லையே"ன்னு கேட்பீங்க. ஜீரோ பெர்சன்ட் வட்டின்னு ஒண்ணு கிடையாதுன்னு ரிசர்வ் வங்கி 2013லேயே வங்கிகளுக்குச் சொல்லிடுச்சு. இப்போ கடைக்காரர் வட்டி அளவுக்குத் தள்ளுபடி காட்டுறார். வங்கி வட்டி போடத்தான் செய்யுது. வட்டி மேல ஜிஎஸ்டியும் பிராசஸிங் ஃபீஸும் உங்க தலையில்.

கதை அதோட முடியலை. நாலாவது மாசம் கம்பெனி அவரை ஹைதராபாத்துக்கு மாத்திடுச்சு. சோபா அங்கே எடுத்த வீட்டு வாசலில் நுழையலை, பாதி விலைக்கும் கீழே வித்தார். வால்பேப்பரைக் கிழிச்சு பெயின்ட் அடிக்கணும்னு ஓனர் அட்வான்ஸில் பிடிச்சுக்கிட்டார். ஹால் போச்சு, எட்டு இஎம்ஐ மிச்சம்.

பெரிய பணக்காரங்களுக்கும் இது நடந்திருக்கு. செட்டிநாட்டு வீடுகளை விட மாக்சிமலிசம் உண்டா? பர்மா தேக்கு, பெல்ஜியம் கண்ணாடி, இத்தாலி மார்பிள், ஆத்தங்குடி டைல்ஸ். இரண்டாம் உலகப் போரில் பர்மா வியாபாரம் அடி வாங்கினதும் பல குடும்பங்களுக்கு வருமானம் நின்னுச்சு. பின்னாடி பல வீடுகள் பிரிக்கப்பட்டு தூணும் கதவும் எனாமல் பாத்திரமும் காரைக்குடி பழம்பொருள் கடைகளுக்கு வந்தது. அதில் நமக்கு ரெண்டு பாடம் இருக்கு. வருமானம் நின்னா வீட்டு அழகு சோறு போடாது. அப்படியே விற்க வேண்டி வந்தாலும் தேக்குக்கும் பித்தளைக்கும் விலை இருக்கும், பிளைவுட்டுக்கு இருக்காது.

அதனால என் கருத்து இதுதான். மாக்சிமலிசம் பொறுமையா செஞ்சா சிக்கனமான ஸ்டைல். செட்டா வாங்க வேண்டாம், எதுவும் மேட்ச் ஆக வேண்டாம், பழசும் அழகுதான். அதை ஒரே மாசத்தில் முடிக்க நினைக்கும்போதுதான் கடன் வருது.

செய்ய வேண்டியது மூணே விஷயம். முதல்ல ஆறு மாசச் செலவுக்கு எமர்ஜென்சி ஃபண்ட். அப்புறம் வீட்டுக்குன்னு தனியா மாசம் 2,000 ஆர்டி. மூணு வருஷத்தில் அசல் மட்டும் 72,000, ஒவ்வொரு பொருளும் அதிலிருந்து மட்டும். மூணாவது, வாடகை வீட்டில் எதை வாங்கும் முன்னும் ஒரு கேள்வி: வீடு மாறும்போது இது என்னோட லாரியில் ஏறுமா? ஏறாதுன்னா அது ஓனருக்கு நீங்க கொடுக்கும் கிஃப்ட்.

பாட்டி போன பிறகு அந்தக் கொழும்புக் கோப்பையில் ஒண்ணு எனக்கு வந்தது. இதுவரை நாலு வீடு மாறிட்டேன். உடையாம கூடவே வருது.

உங்க வீட்டில் அப்படி ஒரு பொருள் இருந்தா கமெண்ட்டில் சொல்லுங்க. இஎம்ஐ கணக்கை நீங்களே எக்செல்லில் போட்டுப் பார்ப்பது எப்படின்னு அடுத்த வீடியோவில் காட்டுறேன்.