மூக்கு நுனியில் தொடங்கும் கோடு

பிரெஞ்சுச் செதுக்கோவியர் க்ளோத் மெலான் 1649-இல் செப்புத் தகட்டில் செதுக்கிய கிறிஸ்துவின் முகம் மூக்கு நுனியில் தொடங்குகிறது. அங்கே புறப்படும் ஒரே கோடு சுருளாகச் சுற்றி விரிந்து கண், தாடி, முள்முடி, இரத்தத் துளி என எல்லாவற்றையும் தீட்டிவிடுகிறது. அது தன்னைத்தானே எங்கும் வெட்டவில்லை.

இதை ‘வித்தை’ என்று மெச்சிவிட்டுக் கடந்துபோவதே வழக்கமாகிவிட்டது. அது படத்துக்குச் செய்யும் அநீதி.

சுருளை யாரும் போடலாம். கடினம் தடிமனில்தான் இருக்கிறது. பியூரின் என்னும் செதுக்குளி சற்று ஆழ்ந்தால் பள்ளம் அகலும், மை கூடும், நிழல் விழும். பிடி தளர்ந்தால் கோடு மெலிந்து தாளின் வெண்மை மேலெழும். மூக்குத்தண்டில் மயிரிழையாக ஓடும் கோடு, நாசித் துவாரத்துக்கு வரும்போது இடைவெளியையே விழுங்கப் பார்க்கிறது. தோலின் மென்மையும் முள்ளின் கூர்மையும் இந்த ஏற்ற இறக்கத்தில்தான் பிரிகின்றன. தடித்து மெலியும் கோட்டை ஹார்லெம் நகரின் செதுக்கோவியர் ஹோல்ட்சியஸ் அதற்கு முன்பே உச்சத்துக்குக் கொண்டுபோயிருந்தார். குறுக்குக்கோடுகளை அறவே விட்டது மெலானின் துணிச்சல்.

படத்தின் பொருளும் இந்த உத்திக்கு இசைகிறது. சிலுவை சுமந்து கல்வாரிக்குச் சென்ற இயேசுவின் முகத்தைப் புனித வெரோணிக்கா துடைத்த துணியில் அவர் முகம் பதிந்தது என்பது மரபு. சிலுவைப்பாதையின் ஆறாம் நிலை அது. ஓவியர் ட்யூரர் 1513-இல் அந்தத் துணியை இரு வானதூதர்கள் கையில் கொடுத்தார். மெலான் தூதர்களையும் நீக்கினார், புனிதையையும் நீக்கினார். துணியும் முகமும் மட்டுமே மிஞ்சின. ஈரத் தாளைத் தகட்டின் மேல் அழுத்தி எடுப்பவருக்கு இந்தக் கதை அந்நியமாக இராது. மனிதக் கைபடாமல் பதிந்ததாகச் சொல்லப்படும் உருவத்தை, கையின் ஒரே அசைவுபோலத் தோன்றும் கோட்டால் அவர் செதுக்கியிருக்கிறார். ஒப்பற்ற ஒருவர் ஒரே கோட்டால் உருவாகிறார் என்று கீழே லத்தீனில் பொறித்தும் வைத்தார். பக்தியோடு கொஞ்சம் தற்பெருமையும் அதில் உண்டு, இருக்கட்டும்.

செப்புத் தகட்டில் முதலில் தேய்வது மெல்லிய கோடுகளே. ஆகவே பிந்தைய அச்சுப்படிகளை வைத்து இப்படத்தை எடைபோடக் கூடாது. கைபேசித் திரையோ, சுருள் கோடுகளுக்கு நடுவே இல்லாத அலைகளைக் காட்டும்.

மாணவர்களுக்கு இதைக் கற்பிப்பவர்கள் முழு முகத்தையும் நகலெடுக்கச் சொல்ல வேண்டாம். உள்ளங்கை அளவுத் தகட்டில் ஒரு கன்னம் போதும், குறுக்குக்கோடு இல்லாமல். சரியாக வந்தாலும் வராவிட்டாலும் அந்த அச்சுப்படிகளை எங்கள் இதழுக்கு அனுப்பிவையுங்கள்.