மாவீரனும் ஊர் வாயும்

 

விடுமுறை நாள்களில் பிள்ளைகள் படக்கதைப் புத்தகங்களில் மூழ்கிக் கிடப்பதைக் கண்டு, "இதனால் என்ன பயன்?" என்று உழவர்கரையில் பெற்றோர் சிலர் என்னிடம் கேட்பதுண்டு. மனிதன் சுவரேறுவதும் வானில் பறப்பதும் பொய்தான். ஆயினும் அக்கதைகளுள் ஒரு வகையை நாம் எளிதில் தள்ளிவிடலாகாது. வலிமை மிக்க வீரன் ஒருவன் தன் நற்பெயரை இழந்து நிற்கும் கதையே அது.

நம்மில் நாற்பதைக் கடந்தோர்க்கு இரும்புக்கை மாயாவியை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. 1962இல் இங்கிலாந்தின் 'வேலியண்ட்' வார இதழில் தோன்றி, 1972இல் சிவகாசி முத்து காமிக்ஸ் வாயிலாகத் தமிழுக்கு வந்தவன் அவன். மின்சாரம் பாய்ந்தால் இரும்புக்கை தவிர உடல் முழுதும் மறைந்துவிடும். ஆங்கில மூலத்தின் தொடக்கத்தில் அவன் குற்றவாளி. பின்னரே நல்லோர் பக்கம் வந்தான். ஆகவே அவனுடைய கெட்ட பெயர் அவனே தேடிக்கொண்டது. நாம் பேச வந்தது, தவறிழைக்காமலே பெயர் கெட்டவர்களைப் பற்றி.

அதே 1962இல் அமெரிக்காவில் ஸ்டான் லீயும் ஸ்டீவ் டிட்கோவும் படைத்த ஸ்பைடர்மேன் அத்தகையவன். 1963இல் வெளிவந்த அவனது தனியிதழின் முதல் கதையைப் பாருங்கள். ஜேம்சன் என்னும் செய்தித்தாள் அதிபர் அவனைச் சமூகத்திற்கே ஆபத்தானவன் என்று எழுதிக் குவிக்கிறார். அவருடைய மகன் விண்கலத்தில் சென்று உயிருக்குப் போராடும் வேளையில், அவனைக் காப்பாற்றுபவனே இந்த ஸ்பைடர்மேன்தான். மறுநாள் நன்றி வருமென்று நினைப்போம். வந்ததோ வேறு. புகழுக்காக இவனே அந்த விபத்தை உண்டாக்கினான் என்று பத்திரிகை எழுதுகிறது, ஊரும் நம்புகிறது. வெறுங்கையால் வாகனத்தைத் தூக்குபவனால் ஒரு தலையங்கத்தை அசைக்க முடியவில்லை. வீட்டு வறுமையின் காரணமாக, தன்னைத் தூற்றும் அதே பத்திரிகைக்கே தன் நிழற்படங்களை விற்றுப் பிழைக்கிறான் அந்த இளைஞன். இக்கதையில் என்னை மிகவும் உறுத்துவது இவ்விடமே.

இனி நம் இல்லங்களுக்கு நெருக்கமான ஒரு கதைக்கு வருவோம். 2014இல் மார்வெல் நிறுவனம் கமலா கான் என்னும் முஸ்லிம் சிறுமியை 'மிஸ் மார்வெல்' என்ற பெயரில் வீராங்கனையாக்கித் தனி இதழ் தொடங்கியது. ஜெர்சி சிட்டியில் வாழும் பாகிஸ்தானியக் குடும்பத்துப் பெண் அவள். எழுதியவர், இஸ்லாத்தைத் தழுவிய அமெரிக்கப் பெண்மணியான ஜி. வில்லோ வில்சன். முதல் தொகுதி 2015இல் ஹியூகோ விருது பெற்றது. பெற்றோர் அறியாமல் இரவில் வெளியே செல்லும் அவள் வழக்கம் எனக்கு உடன்பாடன்று. எனினும் அக்கதையில் வரும் பள்ளிவாசல் ஷைகு அவளைக் கடிந்து விரட்டவில்லை. நேர்மையும் துணிவும் விடாதே, உனக்கொரு ஆசானைத் தேடிக்கொள் என்ற கருத்தில் அறிவுரை கூறி அனுப்புகிறார். ஓதிக்கொடுக்கும் தொழிலில் இருப்போர்க்கு அந்தப் பக்கம் ஒரு பாடம்.

2015 இறுதியில் தொடங்கிய அடுத்த வரிசையில் அவள் பெயர் கெடுகிறது. பழைய வீடுகளை இடித்து மாளிகைகள் கட்ட முனையும் ஒரு நிறுவனம், அவளைக் கேளாமலே அவள் உருவத்தைப் பெரிய விளம்பரப் பலகைகளில் தீட்டிவிடுகிறது. வீடிழக்கும் மக்கள், "இவளும் அவர்களுக்கு விலைபோய்விட்டாள்" என்று கொதிக்கிறார்கள். அவளோ அப்போது வேறு பெரும் வீரர்களுடன் சேர்ந்து உலகைக் காக்கும் வேலையில் மூழ்கியிருக்கிறாள். சொந்தத் தெருவில் தன் முகம் எதற்குப் பயன்படுகிறது என்பதையே அறியாள். அந்நிறுவனத்தின் பின்னே தீய கூட்டம் ஒன்று ஒளிந்திருந்தது பிறகு வெளிப்படுகிறது. ஆனால் பலகையை நிறுத்தியது மட்டுமே தீயோர் செய்த வேலை. அதை நம்பி வாய்க்கு வாய் கொண்டு சென்றவர்கள் அவள் காப்பாற்றிய அண்டை வீட்டார்தாம்.

இதே சிறுமியின் படம் மெய்யுலகில் வேறுவிதமாகப் பயன்பட்டதும் உண்டு. 2015 ஜனவரியில் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரப் பேருந்துகளில் முஸ்லிம்களை இழிவுபடுத்தும் விளம்பரங்கள் ஒட்டப்பட்டன. யாரோ சிலர் அவற்றின்மேல் கமலா கானின் உருவத்தை ஒட்டி, வெறுப்புக்கு எதிரான வாசகங்களை எழுதி மறைத்தனர்.

கதையில் மட்டுமா இது நிகழ்கிறது? நம் புதுச்சேரி மண்ணிலேயே ஒரு சான்று உண்டு. 1760இல் ஆங்கிலேயர் முற்றுகையிட்டபோது உழவர்கரைப் பக்கமும் போர்க்களமாயிற்று. பிரெஞ்சுத் தளபதி லல்லி, பட்டினி தாளாமல் 1761 ஜனவரியில் நகரை ஒப்படைத்தார். கடுஞ்சொல்லும் அவசரமும் உடையவர்தாம். அதனாலேயே பகைவரைச் சேர்த்துக்கொண்டார். ஆனால் மன்னனுக்குத் துரோகம் செய்தார் என்ற பழி பிரான்சில் பரவியது. இங்கிலாந்தில் கைதியாக இருந்த அவர், பழியைத் துடைக்கத் தாமே விரும்பிப் பாரிஸ் சென்று சிறைப்பட்டார். 1766 மே மாதம், வாய் கட்டப்பட்ட நிலையில் கொலைக்களத்திற்குக் கொண்டுசெல்லப்பட்டுத் தலை துண்டிக்கப்பட்டார். அப்போது அவர் மகனுக்கு வயது 15. எழுத்தாளர் வால்தேர் துணை நிற்க, அம்மகன் விடாது போராடி, 1778இல் அத்தீர்ப்பு செல்லாதென அறிவிக்கச் செய்தார். 12 ஆண்டுகள்! புதுச்சேரியில் லல்லி தொலாந்தால் பெயரில் ஒரு வீதி இருப்பதை நீங்கள் அறிவீர்கள்.

அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள்மீது மதீனாவில் சுமத்தப்பட்ட அவதூறும் ஏறத்தாழ ஒரு மாதம் அவர்களை வாட்டியது. இட்டுக்கட்டியவர் நயவஞ்சகர். எடுத்துச் சொன்னவர்களிலோ நம்பிக்கையாளர் சிலரும் இருந்தனர். அவர்களின் தூய்மையை அறிவிக்கும் வசனங்கள் சூரா அந்நூரில் இறங்கின. கற்புடைய பெண்மீது பழி சுமத்தி நான்கு சாட்சிகளைக் கொண்டுவராதவர்க்கு 80 கசையடி என்று விதிப்பதும் அதே சூராதான். வாயால் சொன்ன ஒரு சொல்லுக்கு முதுகில் 80 அடி என்றால், அச்சொல்லின் எடையை எண்ணிப் பாருங்கள். இன்று அதே சொல்லை வாட்ஸ்அப்பில் ஒரு விரல் 40 வீடுகளுக்கு அனுப்பிவிடுகிறது.

ஆகவே பெற்றோரே, இத்தகைய படக்கதை பிள்ளை கையில் இருந்தால் பிடுங்க வேண்டாம். படித்து முடித்ததும் அருகில் அமர்த்தி, "வில்லன் யார்?" என்று கேட்காதீர்கள், அதை எந்தப் பிள்ளையும் சொல்லிவிடும். "ஊரார் அவளை எந்தப் பக்கத்தில் சந்தேகிக்கத் தொடங்கினார்கள்? அவளிடம் நேரில் கேட்டவர் யாராவது உண்டா?" என்று கேளுங்கள். பிள்ளை புத்தகத்தைத் திரும்பப் புரட்டித் தேடட்டும்.