கேன்சர்தான், ஆனா ஃபார்மில் இல்ல

1/ மக்களே, ஆஸ்பத்திரி இன்சூரன்ஸ் க்ளெய்ம் ஃபார்மில் நோயின் பெயருக்குப் பக்கத்தில் டி46, சி92 என்று ஒரு கோடு இருக்கும். பார்த்திருக்கீங்களா? ரத்த நோய், மஜ்ஜை நோய் இருக்கிறவங்க கண்டிப்பா பார்க்கணும். ஏன்னு சொல்றேன்.

2/ ஒரு ஐயா வந்தார் (விவரங்களை மாத்தியிருக்கேன்). அவருக்கு எம்டிஎஸ், அதாவது மைலோடிஸ்பிளாஸ்டிக் சிண்ட்ரோம். மாசம் ரெண்டு தடவை ரத்தம் ஏத்திக்கிறார். கிரிட்டிக்கல் இல்னஸ் பாலிசி இருக்கு. ஆனா இது கேன்சர் கணக்கில் வராதுன்னு கம்பெனி கடிதம் அனுப்பிடுச்சு. "அப்போ எனக்கு கேன்சர் இல்லையா டாக்டர்?" என்று கேட்டார். முகத்தில் கொஞ்சம் நிம்மதிகூட. எனக்குத்தான் பதில் சொல்ல வாய் வரல.

3/ எம்டிஎஸ்ஸில் மஜ்ஜையின் மூல செல் ஒன்றில் மரபணுக் கோளாறு ஏற்பட்டு, அந்த ஒரே செல்லின் வாரிசுகள் மஜ்ஜையை ஆக்கிரமிக்கின்றன. அவை உருவாக்கும் அணுக்கள் அரைகுறை. பல அணுக்கள் ரத்தத்துக்கு வரும் முன்பே செத்துவிடும். சிலருக்கு இது தீவிர ரத்தப் புற்றுநோயாகவே மாறும்.

4/ அப்புறம் ஏன் குழப்பம்? உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-10 நோய்ப் பட்டியல் 1990-ல் ஏற்கப்பட்டது. அதில் புற்றுநோய்க்கெல்லாம் 'சி' எழுத்து. எம்டிஎஸ்ஸுக்கு டி46, பாலிசைதீமியா வெராவுக்கு டி45. இவை இருக்கும் பகுதியின் தலைப்பு: தன்மை உறுதியாகாத அல்லது தெரியாத கட்டிகள். அன்றைய அறிவுக்கு அது சரி.

5/ ஆனா 2000-ல் அதே நிறுவனம் வெளியிட்ட ஐசிடி-ஓ மூன்றாம் பதிப்பு (புற்றுநோய்ப் பதிவேடுகளுக்கான பட்டியல்) இந்த இரண்டையும் புற்றுநோய் என்றே குறித்தது. 2022-ல் எம்டிஎஸ்ஸின் பெயரிலேயே 'சிண்ட்ரோம்' போய் 'நியோபிளாசம்' வந்தது. ஐசிடி-10 மட்டும் அப்படியே நின்னுடுச்சு.

6/ இப்போ நம்ம ஊர் பாலிசிக்கு வருவோம். இந்தியாவில் கிரிட்டிக்கல் இல்னஸ் பாலிசிகளுக்குப் புற்றுநோய் எது என்பதை ஐஆர்டிஏஐ வரையறுத்திருக்கு. அதில் லுகேமியா உண்டு. 'தன்மை தெரியாத கட்டி' என்று திசுப் பரிசோதனையில் சொல்லப்பட்டவை கிடையாது. ஐசிடி-10 தலைப்பும் இந்த விலக்கும் கிட்டத்தட்ட ஒரே வார்த்தை. டி46-ஐப் பார்ப்பவர் கை எங்கே போகும்னு நான் சொல்லணுமா?

7/ ஆனா கவனிங்க: விலக்கு பேசுவது திசுப் பரிசோதனை முடிவைப் பற்றி, கோடைப் பற்றி இல்ல. நோயைச் சொல்வது மஜ்ஜை ரிப்போர்ட். கோடு அலமாரியில் ஒட்டிய லேபிள், அவ்வளவுதான்.

8/ எங்க தப்பும் இருக்கு. நோயாளி பயந்துடுவாரேன்னு "ரத்தத்தில் சின்னக் கோளாறு" என்போம். அதையே சம்மரியிலும் எழுதிடுவோம். பாலிசைதீமியா வெராவோடு பல வருஷம் நல்லா வாழலாம், உண்மைதான். அந்த ஆறுதலை வாயால் சொல்லலாம். பேப்பரில் முழுப்பெயர் இருக்கணும்.

9/ நீங்க செய்ய வேண்டியது:
• மஜ்ஜை பயாப்சி, மரபணு ரிப்போர்ட் ஒரிஜினல்களைப் பத்திரமா வைங்க.
• சம்மரியில் முழு நோய்ப் பெயரையும், உலக சுகாதார நிறுவன வகைப்பாட்டின்படி இது எந்த வகை என்பதையும் எழுதச் சொல்லுங்க. கேட்க உங்களுக்கு உரிமை இருக்கு.
• பாலிசியின் விலக்குப் பக்கத்தை ஒருமுறை படிங்க.
• மறுத்தால் முதலில் கம்பெனியின் குறைதீர்ப்புப் பிரிவு. ஒரு மாதத்தில் சரியான பதில் வரலைன்னா இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேன். சென்னையிலும் அலுவலகம் உண்டு, கட்டணம் கிடையாது.

10/ இதெல்லாம் செஞ்சா பணம் கண்டிப்பா கிடைக்கும்னு சொல்லல. பாலிசிக்குப் பாலிசி வார்த்தை மாறும். ஆனா கோடைக் காட்டி மட்டும் வாயடைக்க முடியாது.

11/ 2022 ஜனவரி 1 முதல் ஐசிடி-11 நடைமுறையில். அதில் இந்த நோய்கள் லுகேமியாவோடு சேர்ந்து, ரத்தம் உருவாக்கும் திசுக்களின் கட்டிகள் என்ற பகுதிக்கு வந்துடுச்சு. க்ளெய்ம் ஃபார்மின் கட்டத்துக்கு மேலே இருப்பதோ 'ஐசிடி-10'. அது மாறும்வரை, மஜ்ஜை ரிப்போர்ட்டைப் படிச்சு முடிவெடுங்கன்னு ஐஆர்டிஏஐ கம்பெனிகளுக்குத் தெளிவா சொல்லணும் என்பது என் கருத்து.

12/ அந்த ஐயாகிட்ட கடைசியில் உண்மையைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசல. அப்புறம், "சரி டாக்டர், அதை எழுதியே கொடுத்துடுங்க" என்றார். எழுதிக் கொடுத்தேன். முதல் நாளே எழுதியிருக்கணும்.