கட்டிலில் கிடப்பவரைப் படம் எடுக்காதீர்கள்

கொஞ்சம் நீளமான பதிவு. கோபத்தோடுதான் எழுதுகிறேன்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் என்னோடு வேலை பார்த்த சார் ஒருவர், நல்லாசிரியர் விருது வாங்கியவர். தேய்த்த வெள்ளைச் சட்டை போடாமல் வாசலுக்குக்கூட வரமாட்டார். போன மாதம் ராஜபாளையத்திலிருந்து பழைய மாணவர்கள் நாலு பேர் அவரைப் பார்க்கப் போனார்கள். பழம் வாங்கிப் போனது நல்ல காரியம். சட்டையில்லாமல், மூக்கில் குழாயோடு கண்மூடிக் கிடந்தவர் பக்கத்தில் நின்று செல்ஃபி எடுத்து, 'எங்கள் குரு' என்று வாட்ஸ்அப் குழுவில் போட்டார்களே, அது என்ன காரியம்? அன்று சாயங்காலம் அவர் வீட்டம்மா போனில் அழுதார். "டீச்சர், அவருக்குத் தெரிஞ்சா தாங்கமாட்டார்."

கண்டித்தேன். ஒரு பையன் பதில் போட்டான்: "பெரியவங்க பொதுச்சொத்து டீச்சர். அன்னைக்கு யாரும் எடுக்காததாலதானே ராமானுஜனுக்குப் படமே அதிகம் இல்ல?"

சரி தம்பி, ராமானுஜனையே பேசுவோம். நாம் எல்லோரும் பார்த்த அந்த முகம், பாஸ்போர்ட்டுக்கு எடுத்தது. அவர் 1920இல் காலமாகிப் பல வருடம் கழித்து, ஹார்டி கேட்டுக்கொண்டதால், பின்னாளில் நோபல் பரிசு பெற்ற சந்திரசேகர் சென்னையில் ஜானகி அம்மாளைத் தேடிப்போய் வாங்கினார். பிடுங்கியதல்ல, கேட்டு வாங்கியது.

ஐன்ஸ்டைன் நாக்கை நீட்டும் படம்? 1951இல் அவருடைய 72ஆவது பிறந்தநாளில் எடுத்தது. நீட்டியது அவர். பிடித்துப்போய்ப் பிரதிகள் வாங்கி நண்பர்களுக்கு அனுப்பியதும் அவரே.

நம்ம இடைசெவல் கி.ரா.வை எடுத்துக்கொள்ளுங்கள். 1991இல் சாகித்ய அகாதெமி விருது பெற்றவர். புதுவை இளவேனில் பல வருடம் அவரோடு பழகி எடுத்த படங்களில் இருப்பது மேடை முகம் அல்ல, வீட்டு முகம். 2021இல் அவர் மறைந்தபோது அந்த முகம்தான் நமக்கு மிஞ்சியது. பழகினார், அதனால் அந்த முகம் அவருக்குக் கிடைத்தது.

ஆகவே, வீட்டுக்குள் படமே கூடாது என்று நான் சொல்லவில்லை. பனியனோடு இருக்கும் படம் மரியாதைக் குறைவு என்கிற நம் உறவுக்காரர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. பொன்னாடையில் இல்லை பெருமை. ஒரே ஒரு கேள்விதான்: 'வேண்டாம்' என்று சொல்ல அவருக்குத் தெம்பு இருந்ததா? இல்லையென்றால் போனைப் பைக்குள் வையுங்கள். நாற்பது வருடம் பிள்ளைகள் முன் நிமிர்ந்து நின்ற மனிதர், தன் முகத்தை எப்படிக் காட்டுவது என்பதையாவது அவரிடமே விட்டுவிடுங்கள்.

அந்த நாலு பேரும் இதைப் படிப்பீர்கள் என்று தெரியும். படத்தை அழியுங்கள். குழுவில் 'சாரி' போட்டால் போதாது. நேரில் போய் அந்த அம்மாவிடம் சொல்லுங்கள்.

நாளை நான் படுத்தாலும் வாருங்கள். பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். அதற்கு இரண்டு கையும் காலியாக இருக்க வேண்டும்.

உங்கள் டீச்சர்