கோழிக் கூண்டுக்கு ஐப்பசிக் கணக்கு

கொல்லையில் ஐந்தாறு கோழி வளர்க்கும் விவசாயிகள் என்னிடம் கேட்கும் கேள்விகளில், நோயைப் பற்றிய கேள்விக்கு அடுத்தபடியாக வருவது கூண்டைப் பற்றியதுதான். "எத்தனை அடிக்கு எத்தனை அடி கட்டலாம்?" என்பார்கள். இதற்கு நான் உடனே பதில் சொல்வதில்லை. இப்பொழுது எத்தனை கோழி இருக்கிறது என்றும் கேட்பதில்லை. "போன ஐப்பசி மாதம் உங்கள் வீட்டில் எத்தனை உருப்படி இருந்தது?" என்றுதான் கேட்கிறேன். பலருக்கு நினைவிருப்பதில்லை. வீட்டு அம்மாள்தான் உள்ளேயிருந்து சரியான எண்ணிக்கையைச் சொல்வார்.

இந்தக் கேள்வியை நான் கற்றுக்கொண்டது புத்தகத்தில் அல்ல. 1990களின் இறுதியில், பணியில் சேர்ந்த புதிதில், மானாவாரிக் கிராமம் ஒன்றில் ஓர் அம்மாளுக்குக் கூண்டு அமைக்க யோசனை சொன்னேன். அவரிடம் ஆறு பெட்டையும் ஒரு சேவலும் இருந்தன. ஒரு கோழிக்கு ஒரு சதுர அடி, மேலும் கொஞ்சம் தாராளம் என்று கணக்குப் போட்டு, மூன்றடிக்கு மூன்றடியில் படம் வரைந்து கொடுத்தேன். தச்சரை வைத்து அப்படியே செய்தார்கள். பார்க்க அழகாகவே இருந்தது. அந்த ஆண்டு ஐப்பசி மழை மூன்று நாள் விடாமல் பெய்தது. கோழிகளைத் திறந்துவிட முடியவில்லை. அதற்குள் ஏழு உருப்படி இருபத்தைந்தாகப் பெருகியிருந்தது. நான்காம் நாள் இரத்தக் கழிச்சல் கண்டது. இளங்குஞ்சுகளில் முக்கால்வாசி போயிற்று. நான் போனபோது அந்த அம்மாள் கோபித்துக்கொள்ளவில்லை. "கூண்டு நல்லாத்தான் இருக்குதுங்க ஐயா, கோழிதான் அதிகமாயிருச்சு" என்றார். தீபாவளிச் செலவுக்கு என்று அவர் நம்பியிருந்தது அந்தக் குஞ்சுகளைத்தான்.

தவறு என்னுடையது. சதுர அடிக் கணக்கு சரி. எந்த எண்ணிக்கையைக் கொண்டு பெருக்குவது என்பதில்தான் தவறு செய்தேன். கொல்லைக் கோழிக்கு நிலையான எண்ணிக்கை கிடையாது. பண்ணையில் ஆயிரம் குஞ்சு விட்டால், செத்தது போக மீதி ஆயிரத்துக்குள்தான் இருக்கும். கொல்லையிலோ கோழி தானே அடைகாத்துத் தானே பெருகுகிறது. ஆகவே கூண்டை வருடத்தின் மிக நெருக்கடியான நாளைக்குத்தான் கட்ட வேண்டும். நம் ஊர்களில் அந்த நாள் பெரும்பாலும் புரட்டாசிக் கடைசியிலோ ஐப்பசி முதலிலோ வருகிறது.

காரணம் எளிது. ஆடியில் கோயில் கொடைகளும் விருந்துகளும் இருப்பதால் கோழிக்குக் கிராக்கி உண்டு. புரட்டாசியில் பல வீடுகளில் கவுச்சி சேர்ப்பதில்லை. வியாபாரி குறைத்துக் கேட்கிறான். "தீபாவளிக்கு விற்றுக்கொள்ளலாம்" என்று நாம் நிறுத்திவைக்கிறோம். நிறுத்திவைப்பதும் வடகிழக்குப் பருவமழை தொடங்குவதும் ஒரே சமயத்தில் நடக்கின்றன. உருப்படி அதிகமாக இருக்கும் நாளிலேயே அவற்றை அடைத்து வைக்கவும் வேண்டியிருக்கிறது.

ஐந்து பெட்டைக் கோழி உள்ள வீட்டை எடுத்துக்கொள்வோம். ஆனியில் மூன்று கோழி அடை படுக்கின்றன. கோழிக்குப் பத்து முட்டை வைத்தால், 21 நாளில் எட்டுக் குஞ்சாவது பொரிக்கும். மொத்தம் 24. பருந்து, காக்கை, பூனை, நோய் எல்லாம் போகப் பாதி தேறினால் 12. ஆவணியில் மற்ற இரண்டு கோழிகள் பொரித்ததில் எட்டுத் தேறுகிறது. ஐப்பசி முதல் தேதியில் தாய்க் கோழி ஐந்து, சேவல் ஒன்று, விற்பனைக்கு வளர்ந்துவரும் விடலை 12, இரண்டு மாதக் குஞ்சு எட்டு ஆக 26 உருப்படி. குஞ்சு இரண்டை ஒரு கோழியாகக் கொண்டாலும் 22 கோழிக்கு இடம் வேண்டும்.

ஆகவே நான் சொல்லும் கணக்கு இது. தாய்க் கோழிகளின் எண்ணிக்கையை நான்கால் பெருக்குங்கள். வருகிற தொகை எவ்வளவோ அவ்வளவு சதுர அடி கூண்டுத் தரை வேண்டும். ஐந்து கோழிக்கு 20 சதுர அடி, அதாவது ஐந்தடி நீளம் நாலடி அகலம். இது பகலில் மேய்ந்து இரவில் மட்டும் அடையும் சிறுவிடை நாட்டுக் கோழிக்கு. பெருவிடையோ, வனராஜா போன்ற எடை கூடிய இனமோ வளர்ப்பவர்கள் இதில் பாதியைக் கூட்டிக்கொள்ள வேண்டும். பெருவிடைச் சேவல் இரண்டு இருந்தால் அவற்றுக்குத் தனித்தனி அறை வேண்டும். எவ்வளவு பெரிய கூண்டு கட்டினாலும் அவை சேர்ந்து இருக்கப்போவதில்லை.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். முட்டைக் கோழி ஒன்றுக்கு இரண்டு சதுர அடி என்று படித்துவிட்டு வருகிறவர்கள் உண்டு. அது ஆழ்கூள முறையில், இரவும் பகலும் கொட்டகைக்குள்ளேயே இருக்கும் பண்ணைக் கோழிக்குச் சொன்ன அளவு. பகலெல்லாம் எருக்குழியைக் கிளறும் நம் கோழிக்கு அது பொருந்தாது. ஆனால் பக்கத்து வயலில் நாற்றங்கால் விட்டிருக்கிறார்கள், ஒரு மாதம் கோழியை வெளியே விட முடியாது என்ற நிலை வருமானால், கூண்டைப் பெரிதாக்காதீர்கள். கூண்டையொட்டிக் கோழிக்குப் பத்துச் சதுர அடியாவது கிடைக்கும்படி பழைய வலையைக் கட்டி முற்றம் போல விடுங்கள். செலவு குறைவு, கோழிக்கும் அதுதான் பிடிக்கும்.

கடைகளில் ஆயத்தமாக விற்கும் கம்பிக் கூண்டுகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். "ஐம்பது கோழி பிடிக்கும்" என்று சொல்லி விற்கப்படும் கூண்டுகளை அளந்து பார்த்திருக்கிறேன். ஆறடிக்கு நாலடி இருக்கும். 24 சதுர அடியில் ஐம்பது கோழியை நுழைக்கலாம், வளர்க்க முடியாது. விற்பவர் ஒரு மாதக் குஞ்சை மனத்தில் வைத்துச் சொல்கிறார். வாங்குபவர் முட்டையிடும் கோழியை நினைத்துக்கொள்கிறார். கூண்டு வாங்கப் போகும்போது அளவு நாடா ஒன்றைக் கையில் கொண்டுபோங்கள். விற்பவர் சொல்லும் தொகையைக் காதில் வாங்க வேண்டாம். நீளத்தை அகலத்தால் பெருக்கினால் வருவதே பெரிய கோழிகளின் எண்ணிக்கை. அதுபோலவே, கோழி வளர்ப்பை ஊக்குவிக்க முன்வருபவர்கள் மூன்று கோழிக்காரருக்கும் பத்துக் கோழிக்காரருக்கும் ஒரே அளவுக் கூண்டைக் கொடுப்பதில் எனக்குச் சம்மதமில்லை. அந்தப் பணத்தையோ கம்பி வலையையோ கொடுத்துவிட்டால் அவரவர் தேவைக்குக் கட்டிக்கொள்வார்கள்.

சிறிய கூண்டினால் வரும் கேடு எப்படி நிகழ்கிறது என்று தெரிந்துகொள்வது நல்லது. இரத்தக் கழிச்சலை உண்டாக்குவது கண்ணுக்குத் தெரியாத ஓர் ஒட்டுண்ணி. நோயுற்ற கோழியின் எச்சத்தில் அதன் முட்டைகள் வெளிவருகின்றன. எச்சம் காய்ந்து கிடந்தால் அவற்றால் பெரிய தீங்கில்லை. ஈரமும் வெதுவெதுப்பும் கிடைத்தால் ஓரிரண்டு நாளிலேயே அவை நோய் பரப்பும் நிலைக்கு வந்துவிடும். நெருக்கமாக அடைத்த கூண்டில் எச்சம் காய இடமில்லை, காற்றுமில்லை. மூன்று வாரத்திலிருந்து இரண்டு மாதம் வரையுள்ள குஞ்சுகள்தான் இதற்கு அதிகம் பலியாகின்றன. ஆவணிக் குஞ்சுகள் அந்த வயதில் இருக்கும்போதுதான் மழையும் வருகிறது.

கோடையில் தொல்லை வேறு விதம். கோழிக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. வாயைத் திறந்து இளைத்துத்தான் உடம்புச் சூட்டைத் தணித்துக்கொள்கிறது. தகரக் கூரை போட்ட சிறு கூண்டில் சித்திரை இரவில் இருபது கோழியை அடைத்தால் அதற்கும் வழியில்லை. தகரம்தான் கிடைத்தது என்றால் மேலே தென்னங்கீற்றோ பனையோலையோ வேய்ந்துவிடுங்கள்.

உங்கள் கூண்டு போதுமா என்று அறிய என்னைக் கேட்க வேண்டியதில்லை. இரவு ஒன்பது மணிக்கு விளக்கை எடுத்துக்கொண்டு போய்க் கூண்டின் கதவைத் திறந்து முகத்தை உள்ளே விடுங்கள். மூக்கு நெடியேறிக் கண் கரித்தால் இடமோ காற்றோட்டமோ போதவில்லை. கூண்டு இருக்கும்போதே கோழிகள் வேப்ப மரத்தில் ஏறி அடைகின்றனவா? அதுவும் ஒரு தீர்ப்புதான். நெருக்கமாக இருக்கலாம், புழுக்கமாக இருக்கலாம். அல்லது பலகை இடுக்குகளில் பகலில் ஒளிந்து இரவில் இரத்தம் குடிக்கும் செள் பிடித்திருக்கலாம். கோழியை மரத்திலிருந்து விரட்டிப் பிடித்து அடைப்பதைவிடக் கூண்டைச் சரிபார்ப்பது மேல்.

சரி, இவ்வளவு சொல்கிறாரே, பெரிய கொட்டகையாகவே போட்டுவிட்டால் என்ன என்று தோன்றலாம். வேண்டாம் என்பதுதான் என் அபிப்பிராயம். கடன் வாங்கி இருபதடிக் கொட்டகை போட்டவர்கள் அது காலியாக இருப்பதைப் பார்த்துக்கொண்டிருக்க மாட்டார்கள், நிரப்பத்தான் செய்வார்கள். ஆனால் ஒரு வீட்டின் கொல்லை எத்தனை கோழிக்குத் தீனி போடும்? அடுப்படிக் கழிவு, களத்தில் சிந்திய தானியம், எருக்குழிப் புழு, கறையான் எல்லாம் சேர்ந்து சில கோழிகளைத்தான் காப்பாற்றும். அதற்கு மேற்பட்ட ஒவ்வொரு கோழிக்கும் தீனியைக் காசு கொடுத்து வாங்க வேண்டும். அப்பொழுது அது கொல்லைக் கோழி வளர்ப்பு அல்ல, பண்ணை. பண்ணை வைக்க விரும்புகிறவர் வையுங்கள். ஆனால் தீவன விலையைத் தெரிந்துகொண்டு வையுங்கள். என்னைக் கேட்டால், கூண்டு நிரம்பிவிட்டது என்பதை விற்பனைக்கு வந்த அறிவிப்பாக எடுத்துக்கொள்வதே நல்லது. புரட்டாசி வரும் முன்பே, ஆவணியில் நான்கைந்து சேவல் விடலைகளைத் தள்ளிவிட்டால் விலை சற்றுக் குறைந்தாலும் நஷ்டமில்லை.

கட்டும் விதத்தில் சில விஷயங்களை மட்டும் சொல்கிறேன். அகலம் நாலடிக்கு மேல் போகக் கூடாது. இரு பக்கமும் கதவு வைக்க வேண்டும். அப்பொழுதுதான் கை எட்டாத மூலை இருக்காது. எட்டாத மூலையில்தான் செத்த குஞ்சும் கெட்ட முட்டையும் கிடக்கும். அதிகக் கோழிக்குக் கட்டுகிறவர்கள் நீளத்தைக் கூட்டட்டும். நீளவாட்டம் கிழக்கு மேற்காக இருந்தால் காலை வெயிலும் மாலை வெயிலும் உள்ளே விழுவது குறையும்.

தரை நிலத்திலிருந்து ஒன்றரை அடி முதல் இரண்டடி உயரத்தில், மூங்கில் தப்பையால் எச்சம் கீழே விழும்படி இருக்கட்டும். இடுக்கு அரை அங்குலத்துக்கு மேல் இருந்தால் குஞ்சின் கால் மாட்டிக்கொள்ளும். உள்ளே ஒரே மட்டத்தில் மூன்று கம்புகளை நீளவாட்டில் ஓரடி இடைவெளியில் கட்டுங்கள். உயர்த்தித் தாழ்த்திக் கட்டினால் மேல் கம்புக்குச் சண்டை போடும். கோழிக்கு எட்டு அங்குலம் என்றால், ஐந்தடிக் கம்பு மூன்றில் 22 கோழி அடையலாம். நம் கணக்கும் அதுதானே. தாயும் சின்னக் குஞ்சுகளும் கம்பில் ஏறா. அவற்றுக்கு முதல் மாதம் வரை இரவிலும் தனிப் பஞ்சாரமே பாதுகாப்பு.

கீழ்ப்பகுதிக்கு அரை அங்குலக் கண்ணுள்ள வலை அடியுங்கள். கண் பெரிதானால் பாம்பு நுழையும். கீரி வெளியில் நின்றபடியே கோழியின் காலைப் பிடித்து இழுத்துவிடும். முட்டையிட ஓரடிச் சதுரப் பெட்டி, ஐந்து கோழிக்கு ஒன்று போதும். அதைக் கூண்டுக்கு வெளியே திண்ணையோரம் வைத்தாலும் சரியே.

சரியான கூண்டினால் இன்னொரு வசதியும் உண்டு. வெள்ளைக் கழிச்சல் தடுப்பூசிக்கு ஊரில் முகாம் நடக்கும்போது, மரத்தில் அடையும் கோழியைப் பிடிக்க முடியாமல் பாதியை விட்டுவிடுகிறோம். கூண்டில் அடைந்தவற்றை விடிவதற்குள் ஒவ்வொன்றாகக் கதவு வழியே எடுத்து ஊசி போட்டு விட்டுவிடலாம். முகாம் நாள் எது என்று கால்நடை மருந்தகத்தில் முன்பே கேட்டுவைத்துக்கொள்ளுங்கள்.

புதிதாகக் கட்டுவதானால் ஆனி, ஆடிக்குள் முடித்துவிடுங்கள். ஐப்பசியில் தொடங்கினால் ஓலையும் மூங்கிலும் ஈரமாயிருக்கும். வேய்கிறவரும் வேறு வீட்டுக் கூரை மேல் இருப்பார்.