ஈமக்காடும் பேருந்து முனையமும்

இருங்காட்டுக்கோட்டையிலும் ஒரகடத்திலும் உள்ள யந்திரசாலைகளில் உழைப்பதற்காகத் தென்மாவட்டங்களிலிருந்து இரவெல்லாம் பிரயாணம் செய்து வரும் இளைஞர்களில் பலர், விடியற்காலையில் மூட்டையோடு இறங்கி நிற்கும் இடம் வண்டலூரை அடுத்த கிளாம்பாக்கம். 2023 டிசம்பர் 30-ஆம் தேதி திறக்கப்பெற்று, ஏறத்தாழ 88 ஏக்கர் பரப்பில் விரிந்து கிடக்கும் அப்பேருந்து முனையத்தின் அருகிலேயே, இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் பெருங்கற்கால ஈமக்காடு ஒன்று இருக்கிறது என்பதை அவர்களுள் அறிந்தவர் மிகச் சிலரே. கோபுரமும் பூஜையும் உற்சவமும் உடைய ஸ்ரீபெரும்புதூர்க் கோயிலைக் காக்க ஊரே திரண்டு வரும். பெயரும் சந்ததியும் தெரியாத மாந்தரின் கல்வட்டங்களுக்காகப் பேச எவரும் வருவதில்லை.

அம்மாந்தர் பாறைகளை வட்டமாகப் பதித்து, நடுவே சரளையும் கருங்கற் சில்லுகளும் குவித்து, அதன் அடியில் கற்பலகைப் பதுக்கையிலோ, கால்கள் பல வைத்துச் சுட்ட மண்பேழையிலோ, தம் முன்னோரின் எலும்புகளை இரும்புக் கருவிகளோடும் கறுப்பு சிவப்பு மட்கலங்களோடும் அடக்கம் செய்தார்கள். தாழ்ந்த வண்டல் நிலத்தை உயிரோடிருப்போரின் உழவுக்கு விட்டுவிட்டு, கல் மண்டிய மேட்டையே பெரும்பாலும் இறந்தோர்க்கு ஒதுக்கினார்கள். பிற்காலத்தில் வருவாய்க் கணக்கில் கல்லாங்குத்து என்றும் தரிசு என்றும் புறம்போக்கு என்றும் பதிவானவற்றுள் பல இத்தகைய மேடுகளே. பேருந்து நிலையத்துக்கோ தொழிற்பேட்டைக்கோ அரசாங்கம் நிலம் தேடும்போது அதிகாரிகளின் பார்வை முதலில் விழுவதும் இவற்றின்மீதே. ஆதலால், போக்குவரத்தும் புராதன ஈமக்காடும் ஒரே மேட்டில் சந்திப்பதைத் தற்செயல் என்று நாம் கருதவில்லை. இந்தப் பிரதேசத்தில் அது இன்னும் பலமுறை நிகழும்.

1958-ஆம் ஆண்டின் தொல்சின்னங்கள் சட்டம், 2010-இல் பெற்ற திருத்தத்தின்படி, பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதுக்கட்டடத்தைத் தடுக்கிறது; அதற்கப்பால் 200 மீட்டரைக் கட்டுப்பாட்டில் வைக்கிறது. கட்டடம்தான் கூடாது, தோட்டமாவது போடலாமே என்ற எண்ணம் அங்கே எழுவது இயல்பு. முனையத்தை அடுத்துக் காலநிலைப் பூங்கா ஒன்று அமைக்கச் சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம் முனைந்ததை நாம் மனமார வரவேற்கிறோம். ஆயினும், எவ்விதமான பூங்கா என்பதில் நமக்குச் சிரத்தை மிகுதி. புல்தரை விரிக்க வருபவன் முதலில் நிலத்தைச் சமன் செய்வான். ஈமக்குழியின் மேல்மூடியாகிய சரளைக் குவியல் அவன் கண்ணுக்கு அப்புறப்படுத்த வேண்டிய கற்குப்பையாகவே படும். புல் பசுமையாக இருக்க நாள்தோறும் பாய்ச்சும் நீர் மண்பேழையை ஊறவைத்து நெகிழ்த்தும். நிழலுக்கென நடும் அரசும் ஆலும் தூங்குமூஞ்சியும் வேர் பரப்பி, இரண்டாயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக நிலைபெயராத கற்களைப் புரட்டிவிடும். மண்வெட்டியால் நேரும் சேதத்தையாவது உடனே காணலாம். வேரால் நேரும் சேதம் வெளியே தெரியப் பல ஆண்டுகள் ஆகும்.

பிரயாணிக்கு நிழல் வேண்டாமா? கட்டாயம் வேண்டும், வெயிலில் குழந்தையை இடுப்பில் ஏந்திப் பேருந்துக்குக் காத்திருக்கும் தாயைவிடக் கல் பெரிதென்று நாம் சொல்ல வரவில்லை. ஆனால் அந்த நிழல் முனையத்துக்குள்ளேயே, நடைமேடைகளின் ஓரத்திலும் மாநகரப் பேருந்துக்கு மாறிச் செல்லும் வழிநெடுகிலும், வேம்பாகவும் புங்கனாகவும் இலுப்பையாகவும் அமைதல் வேண்டும். ஈமக்காட்டில் காரையும் சூரையும் ஆவாரையுமாகிய நம் வறண்ட காட்டின் புதர்களே, அவையும் குழி தோண்டி நடப்படாமல், தூவிய விதையிலிருந்து தாமாக முளைத்து, கல்வட்டங்களை விட்டு விலகி நிற்கட்டும். பாதை அவசியமானால், மண்ணைக் கிளறாமல் மேலே சரளை பரப்பிய ஒற்றைப் பாதை போதும். அங்கே கிடப்பது இன்னதென்று நல்ல தமிழில் விளக்கும் பலகையும், அதை நோக்கிச் சில கல் ஆசனங்களும் இருந்தால், அடுத்த பேருந்து வரும்வரை அமர்ந்திருப்பவன் வாசித்து அறிந்துகொள்வான்.

ஒரகடத்தை அடுத்த வடக்குப்பட்டில் 2022-இல் தொல்லியல் துறை அகழ்ந்தபோது கற்கருவிகள் வெளிப்பட்டன. இத்தகைய தடயங்கள் மண்ணுக்கடியில் கிடக்கக்கூடிய இதே வட்டாரத்தில்தான் பூந்தமல்லியிலிருந்து இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர் வழியாகப் பரந்தூர்வரை மெட்ரோ ரயிலுக்குத் திட்டம் வகுக்கப்பட்டிருக்கிறது. அந்த மெட்ரோ நிலையங்களின் முகப்பில் எங்கே மரம், எங்கே புல், எங்கே வண்டி நிறுத்தம் என்று வரைபடம் தீட்டப்படுவதற்கு முன்னதாகவே, தொல்லியல் அறிஞர் ஒருவரும் அந்தந்தக் கிராமத்தின் ஆடுமேய்க்கும் முதியவர் ஒருவரும் சேர்ந்து அந்நிலத்தைக் காலால் நடந்து பார்த்து, கண்ட கல்வட்டங்களைக் கிராம வரைபடத்தில் குறித்துத் தருதல் வேண்டும் என்றும், அக்குறிப்பு ஒப்பந்தப் பத்திரத்தின் அங்கமாகச் சேர்க்கப்படுதல் வேண்டும் என்றும் அரசாங்கத்தை வேண்டுகிறோம்.