தப்பியவர்களின் கதையைச் சொல்லும்போது



மரணத்தின் வாயிலிருந்து மீண்டவர்களின் கதைகள் நமக்கு ஒருபோதும் சலிப்பதில்லை. சாட்சிக் கூட்டங்களில் அவற்றுக்கென்றே நேரம் ஒதுக்குகிறோம். கைப்பேசியில் வந்தால் பத்துப் பேருக்கு அனுப்புகிறோம். அதில் குற்றமில்லை. ஆனால் அக்கதைகளை நாம் சொல்லும் விதத்தில் ஒரு குறை இருக்கிறது என்று நெடுநாளாக எண்ணி வருகிறேன். இந்த வாரம் அதைப் பற்றி எழுதலாம் என்று துணிந்தேன்.

2023 நவம்பர் 12, ஞாயிற்றுக்கிழமை, தீபாவளி நாள். உத்தரகண்ட் மாநிலம் உத்தரகாசி மாவட்டத்தில் கட்டப்பட்டுவந்த சில்க்யாரா சுரங்கப் பாதையின் ஒரு பகுதி அதிகாலையில் இடிந்து விழுந்தது. உள்ளே 41 தொழிலாளர்கள் அகப்பட்டுக்கொண்டார்கள். ஜார்க்கண்ட், உத்தரப் பிரதேசம், பீகார், ஒடிசா, மேற்கு வங்கம் எனப் பல மாநிலங்களிலிருந்து கூலிக்காக வந்தவர்கள். அவர்களுக்கும் வெளியுலகுக்கும் இடையே ஏறத்தாழ 60 மீட்டர் இடிபாடு. பின்புறம் ஏற்கெனவே குடையப்பட்ட இரண்டு கிலோமீட்டர் வெற்றிடமும் மின்விளக்கும் இருந்தன என்பது ஒரு ஆறுதல். ஒரு குறுகிய குழாய் வழியே காற்றும் பொரியும் உலர்பழங்களும் சென்றன. ஒன்பதாம் நாளில்தான் ஆறு அங்குலக் குழாய் ஒன்று உள்ளே எட்டியது. அதன் பிறகே சூடான உணவு போயிற்று. மறுநாள் ஒரு சிறிய கேமராவின் வழியே அவர்களுடைய முகங்களை நாடு கண்டது.

பெரிய துளையிடும் இயந்திரம் இடிபாட்டிலிருந்த இரும்பில் சிக்கி உடைந்தது. ஏறக்குறைய பன்னிரண்டு மீட்டர் மிச்சம். அப்போது அழைக்கப்பட்டவர்கள் ‘எலிவளைச் சுரங்கத் தொழிலாளர்கள்’. மேகாலயாவின் நிலக்கரி வயல்களில் நடந்துவந்த, ஆபத்து மிகுந்தது என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2014-இல் தடை செய்த அதே முறையில் கைதேர்ந்தவர்கள். முக்கால் மீட்டருக்குச் சற்றே அதிகமான அகலமுள்ள குழாய்க்குள் நுழைந்து, ஒருவர் கையால் தோண்ட, ஒருவர் மண்ணை அள்ள, ஒருவர் வெளியே தள்ள, ஒரு நாளுக்குச் சற்று மேலான நேரத்தில் அந்தக் கடைசித் தூரத்தைக் கடந்தார்கள். நவம்பர் 28 இரவு 41 பேரும் உயிரோடு வெளியே வந்தார்கள். பதினேழு நாட்கள்.

இந்நிகழ்வை ஒரு நற்செய்திக் கூட்டத்தில் பிரசங்கியார் ஒருவர் எடுத்துச் சொன்னதைக் கேட்டேன். தேசம் ஜெபித்தது, தேவன் கேட்டார், அவிசுவாசமாய் ஜெபிக்கிறவர்களுக்குத்தான் பதில் கிடைப்பதில்லை என்பது அவருடைய வாதம். கூட்டம் ஸ்தோத்திரம் சொல்லிற்று. எனக்கு முன்வரிசையில் அமர்ந்திருந்த ஒரு தாய் சொல்லவில்லை. அவர் மகனை அடக்கம் செய்து நான்கு ஆண்டுகள்கூட ஆகவில்லை. மருத்துவமனையின் வாசலில் அவர் எப்படி ஜெபித்தார் என்பதை அறிந்தவர்களில் நானும் ஒருவன்.

நம் ஊரிலிருந்து திருச்சிக்கு ரயிலில் போகிறவர்கள் வடமதுரை, அய்யலூர், வையம்பட்டி தாண்டினால் மணப்பாறையைக் காண்பார்கள். அதன் அருகே உள்ள நடுக்காட்டுப்பட்டியில் 2019 அக்டோபர் 25 வெள்ளிக்கிழமை மாலை, இரண்டு வயதுக் குழந்தை ஒன்று தன் வீட்டருகே கைவிடப்பட்டிருந்த ஆழ்துளைக் கிணற்றுக்குள் விழுந்தது. அதுவும் தீபாவளிக் காலம்தான். முதலில் இருபத்தைந்து அடி அளவில் சிக்கியிருந்த பிள்ளை, மீட்க முயன்றபோதே மேலும் மேலும் கீழே சரிந்தான். பக்கத்திலே வேறொரு குழி தோண்டினார்கள். பூமிக்கடியில் இருந்தது இரும்பு போன்ற பாறை. 27-ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை திண்டுக்கல்லில் அந்தப் பிள்ளைக்காக மன்றாடாத ஆலயம் உண்டா? கோயில்களிலும் பள்ளிவாசல்களிலும் மன்றாடினார்கள். 29-ஆம் தேதி அதிகாலையில் சடலமாகவே மேலே எடுத்தார்கள்.

அந்த ஞாயிறு நாம் அவிசுவாசமாய் ஜெபித்தோமா? அப்படிச் சொல்லத் துணிகிறவர் அந்தக் குழந்தையின் தாய்க்கு முன்பாக நின்று சொல்லட்டும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். 2014 ஏப்ரலில் சங்கரன்கோவில் அருகே குத்தாலப்பேரியில் இதேபோல ஆழ்துளைக் கிணற்றில் விழுந்த மூன்று வயதுச் சிறுவன் உயிருடன் மீட்கப்பட்டான். மீட்டது மதுரையைச் சேர்ந்த மணிகண்டன் உருவாக்கிய கருவி. அதே மணிகண்டன் 2019-இல் தம் கருவியோடு நடுக்காட்டுப்பட்டிக்கும் ஓடினார். அதே மனிதர், அதே நல்லெண்ணம், அதே வகைக் கருவி. ஓரிடத்தில் பிள்ளை மேலே வந்தான்; மற்றோரிடத்தில் வரவில்லை. துளையின் அகலம், பிள்ளை சிக்கியிருந்த நிலை, மண்ணின் தன்மை ஆகியவை ஒவ்வோரிடத்திலும் வேறு. இந்த வேறுபாட்டை விசுவாசத்தின் அளவுகோலாக மாற்றுவது கொடுமை. இதைவிட மென்மையான சொல் எனக்குக் கிடைக்கவில்லை.

வேதம் அப்படிச் செய்வதில்லை. அப்போஸ்தலர் நடபடிகள் 12-ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். தூதனால் சிறையிலிருந்து விடுவிக்கப்பட்ட பேதுருவின் கதை நமக்கு மனப்பாடம்; ஞாயிறுபள்ளிப் பிள்ளைகள் நடித்தும் காட்டுவார்கள். ஆனால் அதே அதிகாரத்தின் தொடக்கத்தில், ஏரோது பட்டயத்தால் கொன்ற யாக்கோபு இருக்கிறான். ஒரே சபை, ஒரே ஏரோது, சில நாள் இடைவெளி. யாக்கோபுக்காகச் சபை ஜெபிக்கவில்லை என்று லூக்கா எழுதவில்லை. ஏன் ஒருவன் தப்பினான், மற்றவன் தப்பவில்லை என்று விளக்கவும் இல்லை. இரண்டையும் அடுத்தடுத்து எழுதிவைத்துவிட்டுப் போகிறார். சீலோவாமில் கோபுரம் விழுந்து பதினெட்டுப் பேர் மாண்டதைப் பற்றிப் பேசிய ஆண்டவரும், மாண்டவர்கள் எருசலேமில் இருந்த மற்றவர்களைவிடப் பாவிகள் என்னும் எண்ணத்தை வெட்டவெளிச்சமாக மறுத்தார். விளக்கம் அவரும் தரவில்லை. இறையியல் கல்லூரியில் இப்பகுதிகளுக்கு எத்தனையோ வியாக்கியானங்களைப் படித்தோம். அடக்க ஆராதனைகளை நடத்தி நடத்தி, அந்த மௌனமே உண்மையானது என்ற இடத்துக்கு வந்திருக்கிறேன்.

அப்படியானால் தப்பியவர்களின் கதைகளைச் சொல்லவே கூடாதா? சொல்லவேண்டும். முழுவதுமாய்ச் சொல்லவேண்டும். 1989 நவம்பரில் மேற்கு வங்கத்தின் ராணிகஞ்சில், மகாவீர் நிலக்கரிச் சுரங்கத்துக்குள் வெள்ளம் புகுந்தது. ஜஸ்வந்த் சிங் கில் என்ற பொறியாளர், ஓர் ஆள் நிற்கக்கூடிய எஃகுக் கூண்டு செய்வித்து, புதிதாகத் துளைத்த வழியே தாமே உள்ளே இறங்கி, 65 பேரை ஒருவர்பின் ஒருவராக மேலே அனுப்பினார். இதைச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் ஆறு பேர் மூழ்கி இறந்ததைச் சொல்வதில்லை. அந்த ஆறு குடும்பங்களுக்கும் அதே நாள் இருந்தது அல்லவா?

அதோடு, மீட்பு எதனால் ஆனது என்பதையும் சொல்லவேண்டும். எரேமியா 38-ஆம் அதிகாரம் எனக்கு மிகவும் பிடித்த பகுதிகளில் ஒன்று. தீர்க்கதரிசியைச் சேறு நிறைந்த துரவில் இறக்கிவிட்டார்கள். வானத்திலிருந்து தூதன் வரவில்லை. எபெத்மெலேக் என்ற எத்தியோப்பிய அரண்மனைப் பணியாள் ராஜாவிடம் போய்த் துணிந்து பேசினான். முப்பது பேரைச் சேர்த்துக்கொண்டான். கயிறு கொண்டுவந்தான். அதோடு நிற்கவில்லை, பொக்கிஷ அறையின் கீழே கிடந்த கந்தைத் துணிகளை எடுத்துவந்து, கயிறு அறுக்காதபடி அக்குளில் வைத்துக்கொள்ளச் சொன்னான். கந்தைத் துணியை நினைத்தவன் அவன்! அந்நியன், அடிமை. சில்க்யாராவில் பொரியை அனுப்பிய குழாயும், மண்ணை வாரிய கைகளும் இதே வரிசையில் வருகின்றன. தேவன் செயல்பட்டார் என்று நான் விசுவாசிக்கிறேன். எங்கே செயல்பட்டார் என்று கேட்டால் அந்தக் கைகளைத்தான் காட்டுவேன். எலிவளைத் தொழிலாளர்களுக்குத் தலைமை வகித்தவர்களில் ஒருவரான வகீல் ஹசனின் டெல்லி வீடு, ஆக்கிரமிப்பு என்று 2024 பிப்ரவரியில் இடிக்கப்பட்டது. மாலை வாடுவதற்குள் நாம் மறந்துவிடுகிறோம்.

இனி நான் எழுதப்போவது சிலருக்குப் பிரசங்கமாகத் தோன்றாது. எனக்கு இதுவே இக்கட்டுரையின் மையம்.

சில்க்யாரா சுரங்கத்துக்கு மத்திய அமைச்சரவை 2018-இல் ஒப்புதல் அளித்தபோது, தப்பிச் செல்லும் வழியும் திட்டத்தில் இருந்தது. விபத்து நேர்ந்த நாளில் அந்த 41 பேர் வெளியேற அப்படியொரு வழி இருக்கவில்லை. நடுக்காட்டுப்பட்டியில் துளை சரியாக மூடப்பட்டிருக்கவில்லை. இரண்டு இடங்களிலும் அற்புதத்துக்கான தேவையே மனிதர் விட்டுவைத்த வேலையிலிருந்து பிறந்தது. யாத்திராகமம் 21-ஆம் அதிகாரத்தின் 33, 34-ஆம் வசனங்களை நாம் பிரசங்கத்துக்கு எடுப்பதே இல்லை. ஒருவன் குழி வெட்டி அதை மூடாமல் விட, அதில் மாடோ கழுதையோ விழுந்தால், குழிக்கு உடையவன் ஈடு செய்யவேண்டும் என்பது சட்டம். உபாகமம் 22-இல் புது வீட்டு மாடிக்குக் கைப்பிடிச்சுவர் கட்டச் சொல்வதும் இதே வகை. சீனாய் மலையடிவாரத்தில் தேவன் குழியின் மூடியைப் பற்றிப் பேசினார் என்பதை நாம் இன்னும் போதிய அளவு வியக்கவில்லை.

நம் மாவட்டத்து நிலத்தை நீங்கள் என்னைவிட நன்கு அறிவீர்கள். அடியில் கடினப் பாறை. நீர் அதன் வெடிப்புகளில் மட்டும். வேடசந்தூர், குஜிலியம்பாறை, ஒட்டன்சத்திரம் பக்கங்களில் நூற்றுக்கணக்கான அடி போர் போட்டும் புழுதி மட்டுமே வந்த கதைகள் எல்லாக் குடும்பத்திலும் உண்டு. கடன் வாங்கிப் போட்ட போர் பொய்த்துவிட்டால், மேலே இறக்கிய கேசிங் பைப்பையாவது விற்றோ மறுபடி பயன்படுத்தியோ கொள்வோம் என்று உருவிவிடுகிறோம். அப்போது ஆறரை அங்குலத் துளையின் வாய், மண் சரிந்து அகன்றுவிடுகிறது. அதன் மேல் ஒரு சாக்கு, ஒரு கல், நான்கு முள். மழை பெய்தால் புல் மூடிவிடும். போர் பொய்த்த விவசாயியின் வருத்தம் எனக்குப் புரிகிறது. அந்த இடத்தைத் திரும்பிப் பார்க்கவே மனம் வராது. ஆயினும் குழி அங்கேயே இருக்கிறது.

2010-இல் உச்சநீதிமன்றம் தந்த நெறிமுறைகள் தெளிவானவை. துளையிடுவதற்குப் பதினைந்து நாட்களுக்கு முன் அதிகாரிகளுக்கு அறிவிக்கவேண்டும். வேலை நடக்கும்போது சுற்றிலும் முள்வேலி வேண்டும். கிணற்றைச் சுற்றி, தரைக்கு மேலே 30 செ.மீ., கீழே 30 செ.மீ. வரும்படி சிமென்ட் மேடை கட்டவேண்டும். எஃகுத் தகட்டால் வாயைப் பற்றவைத்தோ மரையாணி கொண்டோ மூடவேண்டும். கைவிட்ட துளையை அடியிலிருந்து தரைமட்டம் வரை மண், மணல், கல் கொண்டு நிரப்பவேண்டும். தமிழ்நாட்டிலும் ஊராட்சிப் பகுதிகளுக்கென 2015-இல் விதிகள் வந்தன. விதிகள் வந்து நான்கு ஆண்டுகளுக்குப் பிறகுதான் நடுக்காட்டுப்பட்டி.

ஆகவே ஒரு வேண்டுகோள். உங்கள் நிலத்திலோ, நீங்கள் நடந்துபோகும் வழியிலோ மூடாத ஆழ்துளைக் கிணறு இருந்தால், வருகிற ஞாயிறு ஆராதனை முடிந்ததும் சபைச் செயலாளரிடம் சொல்லுங்கள். ஊரின் பெயரும் நிலத்துக்காரரின் பெயரும் போதும். அவர் எந்த மதத்தவர், எந்தத் தெருவினர் என்று எழுதவேண்டியதில்லை. வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் நம் சகோதரர்கள் இருவர் தகடு வெட்டித் தர ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். சிமென்ட் செலவைச் சபை ஏற்கும். நிலத்துக்காரரிடம் முதலில் நானே வந்து பேசுகிறேன். முன்வரிசையில் அமர்ந்திருந்த அந்தத் தாயிடம் இதைச் சொன்னபோது, தம் ஊரில் மட்டும் மூன்று இடங்கள் இருப்பதாகச் சொல்லி அன்றே எழுதிக் கொடுத்துவிட்டார்.